சர்க்கரை உள்ள ஆண்களிடம் இரவைப் பற்றியும் கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், தொற்றா நோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டரிடம் சொல்லாததை ஆண்கள் மாத்திரை வாங்கும் ஜன்னலில் சொல்வார்கள். அதுவும் பின்னால் வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். "சார், இந்த பிரஷர் மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து முன்ன மாதிரி இல்ல." அவ்வளவுதான். என்ன முன்ன மாதிரி இல்லை என்று விளக்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவர் வர மாட்டார். அதற்கடுத்த மாதம் வந்தால் பிரஷர் 180-ஐத் தாண்டியிருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரை நோய் உள்ள ஆண்களிடம் நம் மருத்துவமனைகள் கேட்காமலே விடுகிற இரண்டு கேள்விகள் உண்டு. தூங்கும்போது உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? விறைப்பு சரியாக வருகிறதா? இந்த இரண்டையும் கேட்கத் தொடங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயம், ரத்தக்குழாய், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஓய்வு கிடைப்பது அந்த நேரத்தில்தான். 1988-இல் அயர்லாந்து மருத்துவர்கள் 'லான்செட்' இதழில், இரவில் அழுத்தம் இறங்குபவர்கள், இறங்காதவர்கள் என்று நோயாளிகளை இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். 10 சதவீதம்கூட இறங்காதவர்களுக்குப் பக்கவாதம், இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றின் ஆபத்து கூடுதல் என்பதைப் பின்னால் வந்த பல ஆய்வுகள் உறுதி செய்தன. சிலருக்கு இரவில் அழுத்தம் இறங்குவதற்குப் பதிலாக ஏறவே செய்யும். இவர்களில் பலருக்குக் காலை பத்து மணிக்கு பிபி பார்த்தால் 130/80 என்று காட்டும். "நல்லா கன்ட்ரோல்ல இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம்.

அதே இரவில் ஆண் உடலில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கனவு வரும் தூக்கக் கட்டத்தில், ஓர் இரவுக்கு மூன்றிலிருந்து ஐந்து முறை, எந்த ஆசையும் எண்ணமும் இல்லாமலே ஆணுறுப்பு விறைக்கும். காலையில் கண் விழிக்கும்போது இருப்பது அந்த வரிசையில் கடைசி. புது ரத்தமும் ஆக்ஸிஜனும் போய் அந்தத் திசு கெடாமல் இருப்பதற்கு இந்த இரவு விறைப்பு உதவுகிறது என்று கருதப்படுகிறது. அழுத்தம் இறங்குவதற்கும் சரி, விறைப்பு வருவதற்கும் சரி, தேவைப்படுபவை ஏறக்குறைய ஒன்றுதான்: நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும் நரம்புகள் நன்றாக இருக்க வேண்டும், ரத்தக்குழாயின் உள் உறை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்த வேண்டும், தூக்கம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இந்த மூன்றையும் கெடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் உயர்ந்து நிற்கும் சர்க்கரை தானியங்கி நரம்புகளைப் பழுதாக்கும். குழாயின் உள் உறை நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் குறைத்துவிடும். சிறுநீரகம் பகலில் வெளியேற்ற வேண்டிய உப்பை வெளியேற்ற முடியாமல் இரவுக்குத் தள்ளிவைக்கும். அதை வெளியேற்ற இரவெல்லாம் அழுத்தம் உயர்ந்தே நிற்கும், மனிதர் நான்கு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவார். உடல் பருமனும் சேர்ந்தால் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் அழுத்தம் எகிறும், தூக்கம் கலையும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறையக்கூடும். அழுத்தம் இரவில் இறங்காத ஆண்களிடம் விறைப்புக் குறைபாடு கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே பழுதின் இரண்டு முகங்கள் என்று எடுத்துக்கொண்டால் ஆய்வும் ஒத்துவருகிறது, நான் பார்த்ததும் ஒத்துவருகிறது.

இரவு அழுத்தம் எவ்வளவு முன்கூட்டிப் பேசும் என்பதற்கு ஒரு சான்று. டைப் 1 சர்க்கரை நோயுள்ள இளம்வயதினரை ஸ்பெயினில் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்குவதற்கு முன்பே, தூங்கும்போது எடுத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. அதாவது நம் லேப் பரிசோதனை சிறுநீரகக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இரவு அதைச் சொல்லிவிட்டது.

விறைப்பும் அதே மாதிரி முன்னால் சொல்லும். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத் தமனிகள் 3, 4 மில்லிமீட்டர். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சுவலியோடு வந்து இதய அடைப்பு உறுதியான 300 ஆண்களை இத்தாலியில் கேட்டுப் பார்த்தார்கள். 2003-இல் அது வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்பே வந்திருந்தது, சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக. மூன்று ஆண்டு என்பது எவ்வளவு பெரிய அவகாசம்! கொழுப்பைக் குறைக்கலாம், பீடி சிகரெட்டை விடவைக்கலாம், ஈசிஜி, எக்கோ எடுக்கலாம். அந்த மூன்று ஆண்டும் அவர் நம் மருத்துவமனைக்கு மாதாமாதம் வந்துபோயிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

துறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இல்லாவிட்டால் நம் ஊர்களில் எத்தனையோ பேர் பிரஷர் மாத்திரையே போட்டிருக்க மாட்டார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்தபோது, ஓய்வு பெற்ற எனக்கே பெருமையாக இருந்தது. இதயம் காப்போம், பாதம் பாதுகாப்போம், சிறுநீரகத்துக்குத் தனித் திட்டம் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் திட்டம் வந்தது. எல்லாம் அவசியமானவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) துணையோடு நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இதில் ஆண்கள் எத்தனை லட்சம் பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், முழுமையான விறைப்பிழப்பு சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் 28 சதவீதம், மொத்த ஆண்களில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கண், கால், கிட்னி மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம். இவ்வளவு பேரைப் பிடிக்கும் இந்த ஒரு சிக்கலை மட்டும் விட்டுவிடுகிறோம்.

நாம் கேட்காததால் அவர்கள் வேறு இடத்துக்குப் போகிறார்கள். பஸ் நிலையச் சுவரிலும் செய்தித்தாளின் ஓரத்திலும் ராத்திரி டிவியிலும் 'ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா?' என்று கேட்கும் விளம்பரங்களை எல்லோருமே பார்த்திருக்கிறோம். இந்தத் தேதியில் இந்த ஊரில் இந்த லாட்ஜில் டாக்டர் வருகிறார் என்று அச்சடித்திருக்கும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆண்மைக் குறைவு மூன்றுமே இருக்கின்றன. இருந்தும் விளம்பரம் நிற்கவில்லை. வெட்கப்படும் மனிதனிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பெயர் தெரியாத சூரணத்தையும் கேப்சூலையும் கொடுத்தனுப்புகிறார்கள். மூலிகை என்று விற்கப்படும் இப்படிப்பட்ட பொருட்களில், விறைப்புக்காக டாக்டர் எழுதித்தர வேண்டிய சில்டெனாஃபில் மருந்து கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன.

இங்கேதான் என் பயம். சில்டெனாஃபிலும், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் படுபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரத்துக்கும், அதே வகை மருந்தான டடாலஃபில் போட்டால் 48 மணி நேரத்துக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து தரக் கூடாது என்பது அடிப்படை விதி. தான் விழுங்கியது என்னவென்றே தெரியாதவர் 108 ஆம்புலன்ஸில் வந்து படுத்தால், அவரிடமிருந்து இந்தத் தகவலை எப்படி வாங்குவது? மனைவியும் மகனும் பக்கத்தில் நிற்கும்போது அவர் வாயைத் திறப்பாரா? முன்கூட்டியே, ஆறஅமர, தனியாக ஒருவர் கேட்டு வைத்திருந்தால்தான் அந்த ஆபத்தைத் தவிர்க்க முடியும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் என் தொழில். அட்டெனோலால் மாதிரியான பழைய பீட்டா தடுப்பு மருந்துகளும், தையசைடு வகை நீர் மாத்திரைகளும் சிலருக்கு விறைப்பைக் குறைக்கக்கூடும். லோசார்டான், டெல்மிசார்டான் வகையில் அந்தத் தொந்தரவு பொதுவாகக் கிடையாது. ஆல்புமின் கசியும் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் அவை நல்லவை. மருத்துவர் நினைத்தால் பல நேரங்களில் மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் நோயாளி சொல்ல வேண்டுமே. அவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். நிறுத்தியதும் பிரச்சினை தீர்ந்ததா என்றால், பெரும்பாலும் தீருவதில்லை. காரணம் சர்க்கரையிலும் குழாயிலும் இருக்கிறது, மாத்திரையின் பங்கு அதில் கொஞ்சம்தான். இதை எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். அட்டெனோலால் பற்றி இத்தாலியில் நடந்த இன்னோர் ஆய்வு, அதுவும் 2003-இல் வந்ததுதான், என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. என்ன மருந்து என்றே சொல்லாமல் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 3 பேர் விறைப்புக் குறைந்ததாகச் சொன்னார்கள். மருந்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்தவர்களில் 16 பேர். இந்தப் பக்கவிளைவு வரலாம் என்றும் சொல்லிக் கொடுத்தவர்களில் 31 பேர். பயத்துக்கு அவ்வளவு பலம். அதற்காக மறைக்கச் சொல்லவில்லை. "ஏதாவது மாற்றம் தெரிந்தால் நிறுத்தாதீர்கள், என்னிடம் வாருங்கள், வேறு மாத்திரை இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

சரி, யார் கேட்பது? நம் திட்டத்தின் பலமே வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள்தான். ஆனால் அதே தெருவில் குடியிருக்கும், தன்னை 'அண்ணே' என்றோ 'சித்தப்பா' என்றோ கூப்பிடும் பெண்ணிடம் ஐம்பது வயது ஆண் இதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தப் பெண்ணுக்கும் அது தர்மசங்கடம். அதனால் இந்தக் கேள்வியை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். ஆண் சுகாதார ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள், மருத்துவர் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை கண், கால் பரிசோதனைக்கு வரச் சொல்லும் அன்றைக்கே, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பேசலாம். பதில் எழுதும் இடத்திலும் கவனம் வேண்டும். நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போகும் குறிப்பேட்டை மருமகளும் பேரனும் படிப்பார்கள். அதில் எழுதாமல் மருத்துவமனைப் பதிவில் ஒரு குறியீடாக வையுங்கள்.

இது ஏதோ நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் டைப் 2 சர்க்கரை நோயுள்ள ஆண்களுக்கு, ஆண்டுப் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே விறைப்புக் குறைபாடு பற்றிப் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டு நெறியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நெறியை வெளியிடும் அமைப்பே 2011-இல், உயர் ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று உறுதி செய்வதற்கு 24 மணி நேர பிபி கருவியைப் பயன்படுத்தச் சொன்னது.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையில் பட்டையைக் கட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியை மாட்டி அனுப்பினால், பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவில் அதைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டும் தானே அழுத்தத்தைப் பதிவு செய்யும். தூங்கும் நேரச் சராசரி 120/70 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரவு நேர உயர் அழுத்தம். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இதை வாங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் ஒன்றிரண்டு இருந்தால் போதும், யாருக்கு முதலில் மாட்டுவது என்பதில் தெளிவாக இருந்தால். சர்க்கரையோடு விறைப்புக் குறைபாடும் இருப்பவர், சிறுநீரில் ஆல்புமின் கசிபவர், பலமாகக் குறட்டை விடுபவர், ராத்திரி மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுபவர், பகலில் பிபி சரியாக இருந்தும் இதயம் தடித்திருப்பவர். இவர்களுக்கு மாட்டினாலே பெரும் பலன் கிடைக்கும். ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்கு மட்டும், நாமக்கல் லாரி ஓட்டுநராக இருந்தாலும் அபார்ட்மென்ட் காவலாளியாக இருந்தாலும், அவர்கள் தூங்கும் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இறங்க வேண்டியது தூங்கும்போது. கடிகாரம் என்ன காட்டினாலும் சரி.

கருவியே இல்லாத இடத்திலும் ஒன்று செய்யலாம். படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிபி பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் தானியங்கி நரம்புகள் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அவர்களில் சிலருக்குப் படுத்தால் அழுத்தம் ஏறும், நின்றால் விழும். இதனால்தான் "ராத்திரி பிபி ஏறுகிறதா, எல்லோரும் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றுங்கள்" என்று ஒட்டுமொத்தமாக உத்தரவு போட்டுவிடக் கூடாது என்கிறேன். ஸ்பெயினிலிருந்து 2019-இல் வந்த ஓர் ஆய்வை வைத்து அப்படி ஒரு பேச்சுப் பரவியது. அந்த ஆய்வைப் பற்றியே பிறகு கடுமையான கேள்விகள் எழுந்தன. 21,000 பேருக்கு மேல் பங்கெடுத்து 2022-இல் முடிவு வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. நின்றால் அழுத்தம் விழும் மனிதருக்குப் படுக்கப்போகும்போது கூடுதல் மாத்திரை கொடுத்தால், ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

கேட்டுவிட்டால் கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும், அதுவும் நியாயம்தான். இருக்கிறது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைக்கச் சொன்னால் பிபி இறங்கும், இரவில் எழும் தடவையும் குறையலாம். குறட்டைக்காரரைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம். காலையில் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கலாம். நைட்ரேட் போடாதவருக்கு, இதயம் தாங்கும் என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்தபின், சில்டெனாஃபில் எழுதிக் கொடுக்கலாம். அது இந்தியாவிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்து. மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் அரசுக்குப் பெரிய செலவாகாது. லாட்ஜில் ஆயிரங்களைக் கொட்டுவதை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இளவயதுக்காரர்களையும் மறக்காதீர்கள். சிறு வயதிலேயே டைப் 1 வந்து இன்சுலின் போட்டுக்கொண்டு வளர்ந்த பையன்கள் கல்யாண வயதில் இந்தப் பயத்தோடு தனியாகத் தவிக்கிறார்கள். நரம்புப் பாதிப்பால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு. அப்போது குழந்தையில்லாததற்கு மனைவியைக் குற்றம் சொல்லி, அந்தப் பெண்ணைத்தான் டாக்டர் டாக்டராக அழைத்துப் போகிறார்கள். கணவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண் அவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வியின் வாசகம் எப்படி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதைக் கீழே எழுதுகிறேன். என் அனுபவத்தில் "உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். அதனால் இப்படிக் கேட்கலாம்: "சுகர் இருக்கிற ஆண்கள் நிறையப் பேருக்கு விறைப்புக் குறைவது உண்டு, அதற்கு நம்மிடம் வைத்தியம் இருக்கிறது. காலையில் எழும்போது வரும் விறைப்பு இப்போதும் வருகிறதா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீர்கள்? குறட்டை விடுவதாக வீட்டில் சொல்கிறார்களா? வெளியே ஏதாவது மருந்து வாங்கிச் சாப்பிடுகிறீர்களா?" இந்த நான்கையும் ஒரு மாவட்டத்தில் மட்டும் ஓர் ஆண்டு சோதனையாகக் கேட்டுப் பாருங்கள். கேட்கப்போகிறவர்களுக்குப் பயிற்சி தர ஓய்வு பெற்ற மருந்தாளுநர்கள் தேவைப்பட்டால், ஊதியம் வேண்டாம், நான் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்